மலையில் சுடச்சுட ஒரு ரொட்டி

கேம்பிங் போகிறோம் என்று வீட்டில் சொன்னால், கோழிக்கு எப்போது மசாலா பிரட்டி வைப்பது என்பதுதான் அடுத்த பேச்சாக இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறையில் அப்புத்தளை, ஒஹியாப் பக்கம் ஏறிவரும் வேன்களைப் பார்த்தாலே தெரியும். பின்கதவுக்குள் ஒரு கரிமூட்டை, ஓர் இரும்பு அடுப்பு, ஐஸ் பெட்டியில் ஊறிய கோழி, சொசேஜஸ், பிள்ளைகளுக்கு மார்ஷ்மெலோ. வாலிபப் பிள்ளைகள் நாலைந்து பேர் கிட்டாரோடு வந்தால் அது அருமையான சாப்பாடுதான், நான் மறுக்கமாட்டேன். ஆனால் வயதான அம்மா, மடியை விட்டு இறங்காத குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பமும் இந்தக் குளிரில் ஓர் இரவு தங்கும்போது இதுவா சாப்பாடு என்பதில் எனக்கு மனம் ஒப்பவே இல்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல முடியாமல் இருந்தேன். அம்மா கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் அது பிடிபட ஆரம்பித்தது.

தம்பி கொழும்பிலிருந்து போன் பண்ணி, எல்லோரும் சேர்ந்து டென்ட் போட்டுத் தங்கலாம், இடத்துக்குக் காசு கட்டிவிட்டேன் என்று சொன்னபோது அம்மா உண்மையாகவே புரியாமல் கேட்டார். “மலையில போயி குந்தி சாப்புடுறதுக்கா காசு கட்டுன?”

கேலிக்காகக் கேட்டதில்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே எங்களை வளர்த்தவர். விடியற்காலை இருட்டில் எழுந்து ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் சம்பலும் போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போவார். அந்த ரொட்டியைப் பிரிக்கும்போது பகலாகியிருக்கும். இடுப்பில் கட்டிய படங்கு ஈரத்தில் கனத்துக்கொண்டிருக்கும். ஒரு கையால் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே மறு கையால் சாப்பிட வேண்டும். தேத்தண்ணி ஆறி, ரொட்டி விறைத்து, கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது என்ற அவசரம் வேறு. வாழ்நாளில் பாதிச் சாப்பாட்டை வெட்டவெளியில் சாப்பிட்டவரிடம் போய் வெட்டவெளியில் சாப்பிடுவது ஓர் இன்பம் என்று சொன்னால் அவர் வேறு என்ன கேட்பார்? அம்மாவோடு முடிகிற கதையும் இல்லை இது. நம் மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்ததை 1823இலிருந்து கணக்கிட்டு, அதன் இருநூறு வருஷ நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தப் பாதையில் வந்த நம் பாட்டன் பூட்டன்மார் வழியெல்லாம் கல் கூட்டிச் சமைத்து, மரத்தடியில் படுத்து எழுந்துதான் இந்த மலைக்கு ஏறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாம் இன்றைக்குச் சந்தோஷத்துக்காக வெளியில் படுக்கிறோம் என்றால், அந்தச் சந்தோஷம் எதில் இருக்கிறது என்பதை ஒழுங்காக யோசிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

கரி பிடிக்காத அந்த இரவு

நாங்கள் போனது ஒஹியாவுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் விளிம்பில் இருக்கும் புல்வெளிக்கு. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். ஊவாப் பக்கத்துக்கு ஆகஸ்ட் வறண்ட காலம் என்றாலும், பின்னேரம் ஆனதும் மேற்கிலிருந்து மூடுபனி ஏறிவந்துவிடும். காற்றும் அப்படித்தான், ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. தம்பி ஆசையாகக் கரியைக் கூட்டிப் பற்றவைத்தான். ஈரக்காற்றில் கரி புகைந்ததே தவிர கனியவில்லை. விசிறினான், மண்ணெண்ணெய் விட்டான், மறுபடி விசிறினான். கடைசியில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, கோழித் துண்டுகள் வெளியே கறுத்து உள்ளே சிவப்பாகவே இருந்தன. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தம்பியின் சின்ன மகன் பசியில் அழ ஆரம்பித்தான். பெரிய பிள்ளைகள் பிஸ்கட் பக்கட்டைத் தேட, அம்மா வழக்கம்போல மெல்ல எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு, “மா எங்க இருக்கு?” என்றார்.

காலைச் சாப்பாட்டுக்கென்று மாவும் தேங்காயும் கொண்டுபோயிருந்தேன். கேஸ் அடுப்பை வேனுக்கும் மண்மேட்டுக்கும் இடையில், காற்றுப்படாத ஓரமாக வைத்தோம். அம்மா மாவைப் பிசைய உட்காரப் போனபோது என் மூத்த மகள் பேசினைப் பிடுங்கிக்கொண்டாள். “அம்மாயி, நீங்க கதிரையில உக்காருங்க. நான் தட்டுறேன்.” அவளுக்குப் பதினாலு வயது. அது வரைக்கும் வீட்டில் ரொட்டி தட்டியதில்லை. வாழையிலையில் எண்ணெய் தடவி அவள் தட்டிய முதல் ரொட்டி இலங்கை வரைபடம் மாதிரி நீண்டிருந்தது. ஆனாலும் நன்றாக வெந்தது, அங்கங்கே பொன்னிறமாகப் புள்ளி விழுந்தது. அதைக் கல்லிலிருந்து எடுத்து, கட்டைச் சம்பல் ஒரு கரண்டி வைத்து, அப்படியே அம்மாவின் கையில் கொடுத்தாள். கை சுட்டதும் அம்மா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். ஊதி ஊதி ஒரு துண்டு பிய்த்துப் போட்டார்.

“இத்தன வருஷம் மலையில ரொட்டி தின்னுருக்கேன். சூடா தின்னதில்ல.”

அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், அடுத்த துண்டைப் பிய்த்துக்கொண்டே. எனக்குத்தான் அது நெஞ்சில் நின்றுவிட்டது. மலையில் மட்டுமா? லயத்து வீட்டிலும் அம்மா சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்த ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு, எங்களுக்கு, வந்தவர்களுக்கு என்று போட்டு முடித்து, அடுப்பை அணைத்த பிறகுதான் அவர் தட்டு எடுப்பார். இப்போது நானும் என் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறேன். கேம்பிங் என்றால் பெண்களுக்கு ஓய்வு என்று ஆண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கோழியை வெட்டி, கழுவி, ஊறவைத்து, சலாதுக்கு நறுக்கி, தட்டுக்களை எண்ணி எடுத்துவைத்து, திரும்பி வந்ததும் கரி பிடித்த கம்பியைத் தேய்ப்பது யார் என்று அவர்கள் யோசிப்பதில்லை. கரியை விசிறும் அரை மணி நேரம் மட்டும் அவர்களுடையது.

அந்த இரவு வேறு மாதிரிப் போனது. ரொட்டி ஒவ்வொன்றாகத்தான் வெந்துவரும். ஆகவே ஒவ்வொன்றாகத்தான் கைமாறும். இரண்டாவது ரொட்டி அழுத குழந்தைக்கு. மூன்றாவதைப் பிள்ளைகள் பிய்த்துக்கொண்டார்கள். மகளுக்குக் கை வலித்தபோது என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், அவருக்கு அப்புறம் தம்பி. தம்பி தன் கோழியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வெங்காயத்தோடு சட்டியில் போட்டு, மூடி வைத்து நன்றாக வேகவிட்டான். எல்லோரும் அடுப்பைச் சுற்றியே இருந்தோம். யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. எனக்கும் ஒரு ரொட்டி சூடாகக் கிடைத்தது. குடும்பத்தோடு வெளியில் தங்கும்போது என்ன சமைக்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், அதற்குப் பிறகு நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: அந்தச் சாப்பாட்டில் எல்லோருக்கும், சமைக்கிறவருக்கும் சேர்த்து, சூடாக ஒரு வாய் கிடைக்குமா?

தண்ணீர், காற்று, கேஸ்

நம் மலையில் சமைப்பதற்குச் சில கணக்குகள் உண்டு. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு பாகை குறையும். ஒஹியா உயரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் கொதிக்கும், ஆனால் கடலையும் பயறும் வேக மறுக்கும். நுவரெலியாக்காரர்கள் பிரஷர் குக்கரை விடமாட்டார்கள் என்பதற்கு இதுதான் காரணம். ஆகவே கடலை, கௌபி எல்லாவற்றையும் வீட்டிலேயே அவித்துக் கொண்டுபோங்கள். மைசூர்ப் பருப்பு மட்டும் பரவாயில்லை. ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் கரைந்துவிடும்.

கேஸை மிச்சம் பிடிக்க ஒரு நல்ல வழி, சட்டியைப் போர்த்துவது. பருப்போ சோறோ கொதித்துப் பத்து நிமிஷம் ஆனதும் மூடியை இறுக்கி, துவாயில் சுற்றி, கனமான கம்பளிக்குள் பொதிந்து வைத்துவிட வேண்டும். அரை மணியோ முக்கால் மணியோ கழித்துத் திறந்தால் தன் சூட்டிலேயே வெந்திருக்கும். அந்த நேரத்தில் அடுப்பு வேறு வேலைக்குக் காலியாக இருக்கும், நீங்களும் பிள்ளைகளோடு நட்சத்திரம் பார்க்கலாம். மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

நீளமான கேஸ் டின் போடும் சின்ன அடுப்பைத்தான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த டின்னில் இருக்கும் பியூட்டேன் குளிர் கூடக் கூட ஆவியாவது குறையும். தை, மாசியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் விடியற்காலைகளில் டின் நிறைய கேஸ் இருந்தும் தீ சுண்டிப்போகும். ராத்திரி டின்னைக் கம்பளிக்குள் வைத்திருந்து காலையில் போட்டால் வேலை செய்யும். தீயில் காட்டிச் சூடாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டாவது, நம் ரொட்டிக்கல். வீட்டிலிருக்கும் அகலமான கல்லை இந்த அடுப்பில் வைத்தால் அது டின் இருக்கும் பக்கத்துக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கும். கல்லின் சூடு கீழே இறங்கி டின் வெடிக்கலாம். அடுப்பின் வட்டத்துக்குள் அடங்குகிற சின்னத் தாச்சிதான் சரி. காற்றுக்கு மறைப்பு வைக்கும்போதும் டின்னைச் சேர்த்து மூடிவிடாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் கரித்தணலைச் சட்டியோடு டென்டுக்குள் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கேஸ் அடுப்பை உள்ளே பற்றவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடிய டென்டுக்குள் சேரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்கியவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். மழையே பெய்தாலும் அடுப்பு வெளியில்தான். குழந்தைக்குக் குளிர்கிறதென்றால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, காலடியில் வையுங்கள்.

என்ன சமைக்கலாம்

ரொட்டிக்கு இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை துருவிய தேங்காய். மாவையும் உப்பையும் வீட்டிலேயே கலந்து டப்பாவில் போட்டுவிடலாம். தேங்காயை அன்றைக்குக் காலையில் துருவிக்கொண்டால் அன்றிரவு வரை மலைக்குளிரில் கெடாது. இரண்டு நாள் தங்குவதென்றால் உலர்ந்த தேங்காய்த்தூளை எடுத்துப்போய், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சேர்க்கலாம். பிசைந்த மாவை ராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், தேங்காய் புளித்துப்போகும். கட்டைச் சம்பலை வீட்டிலேயே இடித்து எடுத்துப் போங்கள். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு. தேசிக்காயை மட்டும் சாப்பிடும் நேரத்தில் பிழியுங்கள். பிள்ளைகளுக்கு உறைக்கும் என்றால் மாவிலேயே பொடியாக வெட்டிய வெங்காயமும் கரட் துருவலும் சேர்த்தால் சம்பல் இல்லாமலே சாப்பிடுவார்கள்.

தொட்டுக்கொள்ள டின்மீன் இருக்கவே இருக்கிறது. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், தூள், கறிவேப்பிலை. எண்ணெயில் வதக்கி, மீனைப் போட்டு ஒரு கொதி. மரக்கறிக்காரர்களுக்கு அதே மசாலாவில் சோயாமீட்டும் உருளைக்கிழங்கும். கிழங்கை வீட்டிலேயே அவித்துக்கொண்டால் பத்து நிமிஷ வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது மறுநாள் காலை. ராத்திரி சுடும்போதே வேண்டுமென்று ஆறேழு ரொட்டி கூடுதலாகச் சுட்டு வைத்துவிடுவோம். காலையில் அவை விறைத்திருக்கும். அப்படி விறைத்தால்தான் கொத்துக்கு நல்லது. மெல்லிசாக நறுக்கி, லீக்ஸ், கரட், கோவா கொஞ்சம், இரண்டு மூன்று முட்டை, மிளகுத்தூள் போட்டுப் பிரட்டினால் முடிந்தது. லீக்ஸும் கரட்டும் வீட்டிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. வெலிமடை, கெப்பெட்டிபொல, அம்பேவளை என்று எந்தப் பக்கமாக ஏறினாலும் வழியில் மண் ஒட்டியபடியே கிடைக்கும். பிள்ளைகளையே இறங்கிப்போய் வாங்கச் சொல்லுங்கள். தாங்கள் பேரம் பேசி வாங்கிய கரட்டை அவர்கள் மிச்சம் வைப்பதில்லை. நறுக்கும் வேலையும் அவர்களுக்குத்தான். லீக்ஸ் இலை மடிப்புக்குள் மண் இருக்கும். நெடுக்காகக் கீறிக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

கடைகளில் கிடைக்கும் நூடுல்ஸ் பக்கட்டை நான் கொண்டுபோவதில்லை. சுலபம்தான். ஆனால் அதில் ஒருவர் சுடுதண்ணீர் ஊற்றுகிறார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவ்வளவு தூரம் ஏறிப்போனது ஐந்து நிமிஷத்துக்கா?

இனிப்பு

இனிப்பில் முதலிடம் பிஸ்கட் புடிங்குக்குத்தான். வீட்டில் அதற்குப் பிரிஜ் வேண்டும். மலையில் அந்திக்குப் பிறகு காற்றே பிரிஜ். பட்டர் 125 கிராம், ஐசிங் சீனி 150 கிராம், கொக்கோ மூன்று மேசைக்கரண்டி, கொஞ்சம் பால். இதை வீட்டிலேயே அடித்து, மூடி போட்ட டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். குளிரில் பட்டர் கல்லாகிவிடுவதால் அங்கே போய் அடிக்கவே முடியாது. இடத்துக்குப் போனதும் டப்பாவைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து ஓர் அடுக்கு, மேலே கிரீம், மறுபடி பிஸ்கட். இது முழுக்கப் பிள்ளைகள் வேலை. டென்ட் போட்ட கையோடு அடுக்கி மூடி வைத்தால் சாப்பாடு முடியும் நேரத்துக்கு இறுகியிருக்கும்.

ஆனால் குளிரில் குளிர்ந்த இனிப்பு வயதானவர்களுக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்காக ரவையை வீட்டிலேயே நெய்யில் வறுத்து, முந்திரி, பிளம்ஸ், ஏலக்காய், சீனி எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கலந்துகொள்வேன். ஒரு கோப்பை வறுத்த ரவைக்கு முக்கால் கோப்பை சீனி. அங்கே போய் இரண்டரைக் கோப்பை தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் இந்தக் கலவையைத் தூவிக் கிண்டினால் ஐந்தாறு நிமிஷத்தில் கேசரி. ஆவி பறக்கும்போதே கையில் வாங்கிச் சாப்பிட வேண்டும். அதிகம் கனியாத வாழைப்பழத்தைத் தோலோடு நெடுக்காகக் கீறி, உள்ளே கித்துள் கருப்பட்டித் துருவலும் தேங்காயும் அடைத்து, மூடிய தாச்சியில் தோல் கறுக்கும் வரை வாட்டுவது இன்னொன்று. தோலே தட்டு, கரண்டி மட்டும் போதும். காலையில் நேரமிருந்தால், வீட்டில் கிண்டிக்கொண்டுபோன பாணித் தேங்காயை உள்ளே வைத்துச் சுருட்டிய பேன்கேக். வட்டிலப்பம், தொதல் ஆசையெல்லாம் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு நீண்ட நேரம் ஆவி வேண்டும், மற்றதற்கு ஒருவர் இடுப்பொடியக் கிண்ட வேண்டும்.

மிச்சமும் வாசமும்

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே நுழைவாயிலிலேயே பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். வெளியே தனியார் காணிகளிலும் தோட்டத்து ஓரங்களிலும் அப்படிப் பார்ப்பவர் யாருமில்லை. அதன் விளைவை அந்தப் புல்வெளிகளில் கண்ணால் காணலாம். கோழி எலும்பு, சொசேஜ் கவர், பாதி எரிந்த லன்ச் சீட். மறுநாள் அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கவோ புல்லறுக்கவோ வரும் ஒரு பெண்தான் அதற்குள் கால் வைத்து நடக்க வேண்டும். ஊவாப் பக்கம் வறண்ட காலத்தில் புல்லுக்குத் தீப்பிடித்து மலை மலையாக எரிவதும் எல்லோருக்கும் தெரியும். காற்றடிக்கும் ஆகஸ்டில் தரையில் தீ மூட்டுவதை நான் இப்போது அனுமதிப்பதே இல்லை. டப்பாவில் கொண்டுபோன சாப்பாட்டுக்குக் குப்பை குறைவு. மிச்சத்தை வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். மரை, காட்டுப்பன்றி, குரங்கு எல்லாவற்றுக்கும் வாசம் எட்டும். ஹோர்ட்டன் சமவெளியில் மரைகள் ஆட்களைக் கண்டு விலகாமல் கிட்ட வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆசையாக ஊட்டி ஊட்டி நாம்தான் அவற்றை அப்படிப் பழக்கிவைத்திருக்கிறோம்.

இந்த வாசம் விஷயமாகத்தான் எங்கள் வீட்டில் இப்போது வாக்குவாதம் நடக்கிறது. வருகிற விடுமுறைக்கு நக்கிள்ஸ் பக்கம் போகலாம் என்று தம்பி சொன்னதும், கருவாடு இல்லாமல் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். சூடான ரொட்டிக்குக் கருவாட்டுத் துண்டுதான் பொருத்தமாம், சம்பல் ரெண்டாவதாம். ராத்திரியில் கருவாடு பொரித்தால் சுற்றுவட்டாரத்துப் பன்றியெல்லாம் டென்ட் வாசலில் நிற்கும் என்கிறான் தம்பி. நெத்தலியை வீட்டிலேயே மொறுமொறுப்பாகப் பொரித்து, கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடிக் கொண்டுபோகலாம் என்பது என் யோசனை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பொரித்து ஆறவைத்த கருவாடு வேண்டாம், சட்டியிலிருந்து எடுத்ததும் வேண்டும் என்கிறார். பகல் சாப்பாட்டுக்குப் பொரித்துவிட்டு, சட்டியை அப்போதே சவர்க்காரம் போட்டுக் கழுவி வேனில் வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.